பழைய வைஸுக்குச் சாமான் தேடிக் கொழும்பில் ஆறு நாள்

நாள் 1, செவ்வாய். வெள்ளவத்தை: மேசையில் அளவெடுப்பு

புறக்கோட்டைக்குப் பஸ் ஏறுவதற்கு முதல் ஒரு முழுநாள் மேசையிலேயே போக வேண்டும். அளவில்லாமல் பழைய சோனகத் தெருவுக்குப் போகிறவர் கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு திரும்புவார். வாங்கிய சாமான் வைஸில் (வேலைப் பொருளை வாயில் இறுக்கிப் பிடிக்கும் பட்டறைக் கருவி) ஏறாது. அல்லது ஏறி அதைக் கெடுக்கும். இரண்டாவதுதான் மோசம்.

இந்தச் சுற்றில் இரண்டு வைஸ். ஒன்று ரெக்கோர்ட் 3ஆம் நம்பர், 4 அங்குல வாய், இரும்பு வேலைக்கானது. மற்றது ரெக்கோர்ட் 52½, 9 அங்குல வாய், மேசைக்கு அடியில் பூட்டுகிற தச்சு வைஸ். இரண்டும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1898இல் தொடங்கிய சி. அண்ட் ஜே. ஹாம்ப்டன் கம்பனியின் வார்ப்பு. வெள்ளைக்காரன் காலத்துப் பட்டறைச் சாமான் பெரும்பாலும் அங்கிருந்தே கப்பலேறியதால் கொழும்பில் இவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. பாரமோ, வோடன், பார்க்கின்சன் என்று பெயர் வார்த்த வைஸ்களும் அகப்படும். இங்கே சொல்லும் முறை அவற்றுக்கும் பொருந்தும்.

3ஆம் நம்பரில் வாயின் பிடிமுகமான வாய்த் தகடு இரண்டும் இல்லை, தகட்டு ஆணி நான்கில் இரண்டு உள்ளே முறிந்து நிற்கிறது, ஹேண்டில் வளைந்திருக்கிறது, ஹேண்டில் சுற்றும் நீண்ட திருகான ஸ்பிண்டில் ஏறுகிற நட்டு தேய்ந்துவிட்டது. 52½இல் மரப்பலகை இல்லை, ரிலீஸ் ஸ்பிரிங் இல்லை, இறுக்கும்போது அரை நட்டு (ஸ்பிண்டிலை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் நட்டு) ‘டக்’கென்று தாவுகிறது. வார்ப்பு இரண்டும் நல்லது. சுத்தியலின் மரப்பிடியால் தட்டினால் மணிபோல ஒலிக்கிறது. வெடித்த வார்ப்பு மந்தமாக, தகரப் பேணியைத் தட்டியது போலக் கேட்கும்.

முறிந்த ஆணிக்கு மண்ணெண்ணெய் மட்டும் போதாது. அசிட்டோனும் ஓட்டோமட்டிக் கியர் எண்ணெயும் சம அளவு கலந்து, துளையைச் சுற்றிச் சொட்டுவிட்டு இரவு முழுக்க வைக்க வேண்டும். கலவை பிரியும், ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் விட வேண்டும். அசிட்டோன் முழுதாக ஆவியாகிப் போகும்வரை அந்த இடத்தில் நெருப்பு காட்டக் கூடாது. மறுநாள் துடைத்துக் காயவைத்து, வார்ப்பை ஆணியைச் சுற்றிச் சூடாக்கி, ஆறும் நேரத்தில் நடுவில் ஒரு பொட்டுக் குத்தி இடப்பக்கமாகச் சுழன்று வெட்டும் இடக்கைத் துளையாணியால் துளைத்தால் பாதி ஆணிகள் துளையாணியோடு தானாகவே சுழன்று வெளியே வந்துவிடும். ஈஸி-அவுட் (முறிந்த ஆணியைப் பிடித்துத் திருகி எடுக்கும் கருவி) வைத்து முறுக்குவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அது உள்ளே முறிந்தால் கடினப்படுத்திய உருக்கு, பிறகு எந்தத் துளையாணியும் அதைத் தின்னாது.

இனி மரை, அதாவது ஆணியின் திருகு வரி. வெளியே வந்த ஆணியின் விட்டம் வேர்னியரில் 7.9 மில்லிமீட்டர். பிட்ச் கேஜில் (மரைப் பல் வெட்டிய இலைகள் கொண்ட அளவுக் கருவி) அங்குலத்துக்கு 18 மரை, 55 பாகை இலை வெளிச்சம் தெரியாமல் உட்காருகிறது. ஆக 5/16 அங்குல விட்வர்த். ஜோசப் விட்வர்த் 1841இல் வகுத்த மரை அது. இலங்கை மெட்ரிக்குக்கு மாறியது 1970களில். அதற்கு முந்திய பட்டறைச் சாமானை அங்குலத்தில் வைத்தே முதலில் பாருங்கள். எல்லா 3ஆம் நம்பரிலும் இதே ஆணிதான் என்று நினைத்துவிட வேண்டாம். இடையில் யாரோ துளையைப் பெருப்பித்திருக்கலாம். கையிலிருக்கும் வைஸை அளந்தால்தான் உண்மை.

ஸ்பிண்டிலின் மரையை ஒன்றொன்றாக அளந்தால் பிழைக்கும். பத்து மரையைச் சேர்த்து அளந்தால் இங்கே 50.8 மில்லிமீட்டர். ஒரு மரைக்கு 5.08, அதாவது அங்குலத்துக்கு 5. வெறும் ரூலர் பிடித்துப் பார்த்தவருக்கு இது 50 ஆகத் தெரியும், ‘5 மில்லி மரை’ என்று எழுதிக்கொண்டு போவார். அந்த 0.8 எங்கே கடிக்கும் என்பது வெள்ளிக்கிழமைப் பதிவில்.

கறளுக்குச் சிற்றிக் அமிலம். கேக் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். ஒரு லீட்டர் தண்ணீருக்கு 50 கிராம், சின்னச் சாமான்களுக்கு ஓர் இரவு. காலையில் கழுவி, அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முறை முக்கி, உடனே துடைத்து எண்ணெய் போட வேண்டும். வெள்ளவத்தையில் கடற்காற்று, கழுவிய இரும்பை அரைமணி நேரம் விட்டால் செம்மஞ்சள் படியும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். சில மாதத்தில் பிசினாகி ஸ்பிண்டிலை இறுக்கிவிடும்.

நாள் 2, புதன். பழைய சோனகத் தெரு: ஆணி, டப், ஹேண்டில் கம்பி

100 அல்லது 101 பஸ்ஸில் கோட்டை வரை வந்து இறங்கி, புறக்கோட்டையைக் குறுக்கே கடந்து நடந்தால் கொழும்பு 12. காலை ஒன்பதரைக்கு முன்னால் போவது நல்லது. பத்தரைக்குப் பிறகு லொறி ஏற்றி இறக்கும் நெரிசலில் கடைக்காரருக்கு நாலு ஆணிக்காக ராக்கையில் ஏற நேரமிருக்காது. போயா நாளில் போக வேண்டாம்.

கொண்டுபோக வேண்டியது: பழைய ஆணி ஒன்று, வேர்னியர், பிட்ச் கேஜ், துளையின் அளவுகள் எழுதிய கடதாசி. பழைய ஆணி இல்லாமல் போனால் பேச்சு இப்படித்தான் போகும்:

“நானா, 5/16 விட்வர்த், ஒரு அங்குலம், தட்டைத் தலை ஈக்கா?”

“எட்டு மில்லி ஈக்கி தம்பி. அதுவும் இதுவும் ஒண்டுதான்.”

ஒன்றல்ல. 5/16 என்றால் 7.94 மில்லிமீட்டர், மரைக்கு மரை 1.41. எம் 8 என்றால் 8.00, மரைக்கு மரை 1.25. விட்டம் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் மூன்று நாலு சுற்று அழகாக ஏறும், பிறகு இறுகும். அந்த இடத்தில் ஸ்பானர் போட்டு முறுக்கினால் வார்ப்பிரும்பில் இருக்கும் மரை பொடியாகிக் கொட்டும். பழைய வைஸ்களில் தகட்டுத் துளை நாசமாகியிருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். 1/4 அங்குலத் துளையில் எம் 6 போட்டால் வேறு வகைக் கெடுதல். அது 6.35க்கு 6.00. லூசாக உள்ளே போய், ஒன்றிரண்டு மரையில் மட்டும் தொங்கும்.

யு.என்.சி. (அமெரிக்க அங்குல மரை) கொடுத்தால்? 1/4, 5/16, 3/8 மூன்றிலும் அங்குலத்துக்கு மரை எண்ணிக்கை விட்வர்த்தோடு ஒன்றுதான் (20, 18, 16). கோணம் மட்டும் 60 பாகை. வாய்த் தகட்டு ஆணிக்கு அது ஓடும். ஆனால் யு.என்.சி. தட்டைத் தலையின் சரிவு 82 பாகை, விட்வர்த்தின் சரிவு 90. தகட்டில் பள்ளம் எடுக்கும்போது ஆணியைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அரை அங்குலத்துக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது: விட்வர்த் 12, யு.என்.சி. 13.

தட்டைத் தலை விட்வர்த் ஆணி பல கடையிலும் முடிந்துபோன சரக்கு. அறுகோணத் தலை 5/16 விட்வர்த் போல்ட் மட்டும் இன்னும் கிடைக்கிறது. எட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தேவை நான்கு, கடைச்சலில் ஒன்றிரண்டு பழுதாகும், மிச்சம் இருப்பில் இருக்கட்டும். தலையை லேத்தில் (கடைச்சல் இயந்திரம்) 90 பாகை கூம்பாகக் கடைந்து, இரும்பறுக்கும் வாளால் நடுவில் ஒரு வெட்டுப் போட்டால் ஆணி தயார்.

இங்கேதான் இந்த வேலை முழுவதுக்குமான முக்கியமான இடம் வருகிறது. கடைக்காரர் நல்ல மனதோடு “இது 8.8, இன்னும் பலம்” என்று கடினமான கிரேட் போல்டை எடுத்துப் போடுவார். பலம் வேண்டாம். வைஸில் சில சாமான் வேண்டுமென்றே மெலிதாகச் செய்யப்பட்டது, பெரிய வார்ப்பு பிழைக்க வேண்டும் என்பதற்காக. தகட்டு ஆணி முறிந்தால் ஆணிதான் போகும். கடினமான ஆணியைப் போட்டால் துளையின் மரை போகும், வார்ப்பில் கீறல் விழும். ஆணிக்கு இழுவையும் உண்மையில் கொஞ்சம்தான். தகட்டின் அடிவிளிம்பு வார்ப்பின் படியில் உட்கார வேண்டும், பாரம் முழுவதையும் அந்தப் படி தாங்க வேண்டும். படிக்கும் தகட்டுக்கும் நடுவில் கடதாசி நுழையுமளவு இடைவெளி இருந்தாலும் பாரம் ஆணிக்கு மாறிவிடும், எந்தக் கிரேட் ஆணியும் அங்கே வெட்டுப்படும்.

ஹேண்டிலுக்கும் அதே கணக்கு. ஸ்பிண்டில் தலைத் துளை 16.7 மில்லிமீட்டர். 5/8 அங்குல மைல்ட் ஸ்டீல் பிரைட் பார் சரி, 16 மில்லியும் போகும். பழைய ஹேண்டிலின் நீளத்தை வளைவோடு நூல் பிடித்து அளந்து, அதே நீளத்துக்கு வெட்டி வாங்க வேண்டும். நீளம் கூட்டினால் நெம்பு கூடும். நீண்ட நாள் உழைக்கட்டும் என்று ஈ.என். 24 என்ற பலமான உருக்குக் கம்பி கேட்காதீர்கள். பைப் போட்டு இழுக்கிற கையிலிருந்து வைஸைக் காப்பாற்றுவது வளைகிற ஹேண்டில்தான். அது வளைய மறுத்தால் வெடிப்பது நகரும் தாடையின் கழுத்து.

ஹேண்டில் முனைக் குமிழுக்கு: கம்பியின் இரு முனையையும் 3/8 அங்குலத்துக்குக் கடைந்து விட்வர்த் மரை போட்டு, குமிழை ஏற்றி, ஒரு பக்கம் நிரந்தரமாகத் தட்டி மலர்த்த வேண்டும். மறு பக்கம் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். குமிழுக்கு உள்பக்கம் ஒரு ரப்பர் ஓ-ரிங் போட்டால் ஹேண்டில் விழும்போது விரல் நசுங்காது.

டப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி): 5/16 விட்வர்த் மூன்று டப் கொண்ட செட் ஒன்று. துளையைச் சுத்தம் செய்ய மட்டும் என்றால் டப் வேண்டாம். பழைய ஆணியில் நீளவாக்கில் மூன்று வெட்டுப் போட்டு, மண்ணெண்ணெயோடு ஏற்றி இறக்கினால் ஊத்தை மட்டும் வரும். புது டப் மிச்சமிருக்கிற நல்ல மரையையும் சீவிவிடும். மரை முற்றாகப் போன துளைக்கு அடுத்த அளவு 3/8 விட்வர்த், துளையாணி 5/16 அங்குலம் (8 மில்லியும் போகும்). வார்ப்பிரும்புக்கு டப் ஏற்றும்போது எண்ணெய் தேவையில்லை. அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே, அடிக்கடி தூளை ஊதி விடுங்கள்.

நாள் 3, வியாழன். பஞ்சிகாவத்தை: வாய்த் தகடும் ஸ்பிரிங்கும்

மருதானைப் பக்கம் வாகன உதிரிப்பாகத் தெரு. வைஸ் தகடு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கேட்க வேண்டியது லொறி லீஃப் ஸ்பிரிங்கின் முறிந்த பட்டை. பயன்பட்ட பட்டை நிறையில் விலை பேசப்படும், முறிந்தது இன்னும் மலிவு.

எந்தப் பட்டை? 3ஆம் நம்பரின் இருக்கைக்கு வேண்டியது நீளம் 101.6, உயரம் 19, தடிப்பு 9.5 மில்லிமீட்டர். வேன் பட்டை 7, 8 மில்லி, பற்றாது. லொறிப் பட்டை 12 மில்லி எடுக்க வேண்டும். காரணம் வளைவு: 1.2 மீட்டர் ஆரை கொண்ட பட்டையில் 100 மில்லி துண்டின் நடு ஏறக்குறைய 1 மில்லி உயர்ந்திருக்கும். இரு பக்கமும் சீவி நேராக்கியபின் 9.5 நிற்க வேண்டும். துண்டின் ஓரத்தையும் பாருங்கள். களைப்பால் முறிந்த பட்டையில் முறிவுக்குப் பக்கத்திலேயே மெல்லிய கீறல்கள் ஓடும். முறிவிலிருந்து 10 சென்ரிமீட்டராவது தள்ளி வெட்டுங்கள். மண்ணெண்ணெய் பூசித் துடைத்து மேலே சோக்குத்தூள் தடவினால் கீறல் ஈரக் கோடாகத் தெரியும்.

பட்டையை வாங்கிய அன்றே பதம் இறக்கி மென்மையாக்க வேண்டும், இல்லாவிட்டால் துளைக்க முடியாது. கரி அடுப்பில், ஊதியோடு, காந்தம் ஒட்டாத நிலைவரை சூடாக்குங்கள். அதற்கு மேலும் கொஞ்சம், பிரகாசமான செர்ரிச் சிவப்பு. பகல் வெளிச்சத்தில் இந்த நிறம் ஏமாற்றும், நிழலில் பார்க்க வேண்டும். பிறகு உலர்ந்த விறகுச் சாம்பல் நிறைந்த பழைய பெயின்ட் வாளிக்குள் புதைத்து இரவு முழுக்க விடுங்கள். சாம்பலில் ஈரம் இருந்தால் பட்டை மறுபடி இறுகிவிடும். காலையில் அரம் கடித்தால் சரி, வழுக்கினால் திரும்பவும் முதலிலிருந்து.

துளை இடைவெளி எடுப்பதற்கு ஒரு சுலபமான வழி: 5/16 போல்டின் நீளத்தை வெட்டி, முனையைக் கூர்மையாக்கி, வார்ப்பின் இரு துளையிலும் கூர் ஒரு மில்லி வெளியே நிற்கும்படி ஏற்றுங்கள். தகட்டைப் படியில் உட்காரவைத்து மரச்சுத்தியலால் ஒரு தட்டு. இரண்டு பொட்டு விழும், அங்கே துளை. 8.5 மில்லி துளையாணி, பிறகு 90 பாகைப் பள்ளம், ஆணித் தலை தகட்டு முகத்துக்கு அரை மில்லி உள்ளே. முன் தகட்டையும் பின் தகட்டையும் வேறுவேறாகப் பொட்டுக் குத்த வேண்டும். வார்ப்பில் இரண்டும் ஒரே இடைவெளியில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. தகட்டின் பின்பக்கம் 1, 2 என்று குத்தி வையுங்கள்.

இரண்டு வைஸின் ஸ்பிரிங்குக்கும் இதே தெருவில் அலைச்சல் அதிகம். கம்பித் தடிப்பு, வெளிவிட்டம், சும்மா இருக்கும்போது நீளம், சுற்று எண்ணிக்கை, இந்த நாலும் எழுதிக்கொண்டு போக வேண்டும். 3ஆம் நம்பரின் ஸ்பிரிங் வேலை சின்னது: ஸ்பிண்டிலைத் திறக்கும்போது தாடை ஆட்டமில்லாமல் பின்னால் வருவது. வால்வு ஸ்பிரிங் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது அளவுக்கு மீறிய விறைப்பு, ஹேண்டில் எப்போதும் பாரமாகவே சுற்றும். விரலுக்கிடையில் வைத்துப் பாதிவரை அமுக்க முடிகிற ஸ்பிரிங் போதும். முச்சக்கர வண்டிச் சாமான் கடைகளில் இந்த அளவு தேறும்.

நாள் 4, வெள்ளி. கிராண்ட்பாஸ்: நட்டு

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் பேச்சை முடிக்க வேண்டும். ஜும்ஆவுக்குக் கடைகளும் பட்டறைகளும் மூடினால் இரண்டு மணிக்குப் பிறகுதான் திறக்கும்.

முதலில் உலோகம். நட்டுக்கு வேண்டியது வெண்கலம். பழைய இரும்புக் கடையில் இதைச் ‘சிவப்பு’ என்றும் பித்தளையை ‘மஞ்சள்’ என்றும் பிரித்துக் குவித்திருப்பார்கள். ஊத்தை படிந்தபின் இரண்டும் ஒரே நிறம். அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துத் தூளை வெள்ளைக் கடதாசியில் கொட்டிப் பாருங்கள். எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் பித்தளை, சிவப்புச் சாயல் இருந்தால் வெண்கலம். பித்தளை நட்டு சீக்கிரம் தேயும். உருக்கில் நட்டுச் செய்யலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். அப்படிச் செய்தால் நட்டும் ஸ்பிண்டிலும் சேர்ந்து தேயும். ஸ்பிண்டில் செய்வது நட்டுச் செய்வதைவிடப் பல மடங்கு செலவு. தேய வேண்டியது நட்டுத்தான்.

முழு நட்டையும் புதிதாக வார்க்கத் தேவையில்லை. பழைய நட்டின் உள்ளே 35 மில்லிக்குத் துளை பெருப்பித்து, அதற்குள் வெண்கலப் புஷ் (குழாய் வடிவத் துண்டு) ஒன்றை இறுக்கமாக அழுத்தி, இரண்டு கிரப் ஸ்குரூ (தலையில்லாத ஆணி) வைத்தால் போதும். துளைத்தபின் பழைய நட்டின் சுவர் எந்த இடத்திலும் 6 மில்லிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் முழு நட்டாகவே செய்யுங்கள்.

ஸ்பிண்டில் 1 அங்குலம், சதுர மரை, அங்குலத்துக்கு 5. சதுர மரையின் ஆழம் மரைத் தூரத்தில் பாதி, 2.54. ஸ்பிண்டிலின் அடிவிட்டம் 25.4 கழி 5.08, அதாவது 20.32. புஷ்ஷில் முதலில் 20.6க்குத் துளை, மரைப் பள்ளம் 25.7 வரை. இந்த ஆட்டம் இல்லாமல் இறுக்கமாக வெட்டினால் முதல் நாள் அருமையாக இருக்கும், கொஞ்சம் தூசி போனதும் பிடித்துக்கொள்ளும்.

இப்போது அந்த 0.8. பட்டறையிலுள்ள லேத்தின் லீட் ஸ்குரூ (மரை வெட்டும்போது உளியை நகர்த்தும் நீண்ட திருகு) மெட்ரிக்காக இருந்தால் பாஸ் (பட்டறை மேஸ்திரி) சுலபமாக 5 மில்லிக்குக் கியர் போட்டுவிடுவார். நட்டின் நீளம் 50 மில்லி, பத்து மரை. ஒவ்வொரு மரையிலும் 0.08 பின்தங்கி, பத்தாவதில் 0.8 ஆகிவிடும். மரைக்கிடையில் நாம் விட்ட ஆட்டம் 0.2, 0.3தான். ஆகவே ஸ்பிண்டில் நாலாவது மரையோடு நிற்கும். பாஸ் அதை ‘கொஞ்சம் டைட்’ என்று சொல்லி அரைக்கும் பசை போட்டுத் தேய்த்து ஏற்றுவார். ஏறும், ஆனால் பத்து மரையில் முதலும் கடைசியும் மட்டும் பாரம் தாங்கும், நட்டு ஒரு வருடத்தில் போய்விடும்.

ஆகவே முதல் கேள்வி: “பாஸ், லீட் ஸ்குரூ இஞ்சியா மில்லியா?” பழைய இங்கிலீஷ் லேத் என்றால் அநேகமாக அங்குலத்துக்கு 4. அதில் 40 பல் கியர் ஓட்ட, 50 பல் கியர் ஓட, அங்குலத்துக்கு 5 துல்லியமாக வரும். மெட்ரிக் லேத் என்றால் அடுத்த கேள்வி: 127 பல் கியர் இருக்கிறதா? ஒரு அங்குலம் 25.4 மில்லி. அதை ஐந்தால் பெருக்கினால் 127, அது பகா எண். அந்தக் கியர் இல்லாமல் மில்லியிலிருந்து அங்குலத்துக்குச் சரியாக மாற முடியாது. 6 மில்லி லீட் ஸ்குரூவுக்கு 127, 40 ஓட்டும் பக்கம். 75, 80 ஓடும் பக்கம். 6 ஐ 127/150 ஆல் பெருக்கினால் 5.08. பல பட்டறைகளில் 127 பெட்டிக்கு அடியில் பாவிக்காமல் கிடக்கும். கேட்டால்தான் வரும்.

ஸ்பிண்டிலையும் பாஸிடம் விட்டுவிட்டு வர வேண்டும், அளவு எழுதிய கடதாசியை மட்டுமல்ல. ஸ்பிண்டில் நடுப்பகுதியில் தேய்ந்திருக்கும், ஓரத்தில் தேய்ந்திருக்காது. நடுவுக்கு ஏற்ப நட்டு வெட்டினால் முழுதாகத் திறக்கும்போது இறுகும். தேயாத கடைசி மரைகளில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆணித் தலை கடைவதையும் ஹேண்டில் முனையையும் அதே பட்டறையிலேயே ஒன்றாகக் கொடுத்தால் ஒரு நடை மிச்சம்.

திரும்பும் வழியில் செட்டியார் தெரு. நகை வேலைச் சாமான் கடையில் வெண்காரமும் வெள்ளிப் பற்றாசும் வாங்கலாம். ஹேண்டில் குமிழைத் தட்டி மலர்த்துவதற்குப் பதிலாகப் பற்றவைக்க விரும்புகிறவர்களுக்கு அது உதவும்.

நாள் 5, சனி. மொறட்டுவ: தச்சு வைஸ்

கரையோர ரயிலில் போகலாம். தளபாடப் பட்டறைகளின் ஊர், மிச்சத் துண்டுப் பலகை தாராளம். 52½இன் வாய்ப் பலகைக்கு 20 மில்லி தடிப்பு, வார்ப்புத் தாடையைவிட ஒவ்வொரு பக்கமும் சில சென்ரிமீட்டர் நீளம் கூட. சாவண்டலை (ஹல்மில்ல) கிடைத்தால் அதை எடுங்கள், அடிபட்டாலும் பிளக்காது. தேக்கில் எண்ணெய்ப் பசை, பலகை வழுக்கும். வார்ப்பின் மேல்விளிம்பு மேசை மட்டத்துக்கு 12 மில்லியாவது கீழே இருக்கட்டும், உளிக்கும் இழைப்புளிக்கும் இரும்பு தட்டாது. இரண்டு பலகையும் மேலே முதலில் தொட வேண்டும். அடியில் ஏறக்குறைய ஒரு மில்லி இடைவெளி இருந்தால், இறுக்கும்போது அது மூடிச் சீராகப் பிடிக்கும்.

அரை நட்டு தாவுவதற்குத் தேய்வுதான் காரணம் என்று எல்லோரும் முடிவுகட்டுவார்கள். முதலில் கழுவிப் பாருங்கள். பல வருட மரத்தூளும் எண்ணெயும் மரையின் அடியில் கல்லாக இறுகியிருக்கும், அரை நட்டு முழு ஆழத்துக்கு இறங்காது. பித்தளைத் தூரிகையும் மண்ணெண்ணெயும் போட்டு, ஒரு ஊசியால் ஒவ்வொரு பள்ளமாகக் கிளறிய பிறகு, பஞ்சிகாவத்தையில் எடுத்த ஸ்பிரிங்கைக் கொளுவியதும் இந்த வைஸில் தாவல் நின்றது. நிற்காத வைஸில் அரை நட்டின் மரை முனை உருண்டு போயிருக்கும். அதற்கு உள்ளூரில் மாற்று இல்லை. ஒரு பக்கம் சரிவான புட்ரஸ் மரை அது, சாதாரண லேத் பட்டறையில் சரியாக வருவதில்லை. இங்கிலாந்திலிருந்து அரை நட்டு மட்டும் எடுப்பிப்பதே வழி, சின்னச் சாமான் என்பதால் தபால் பாரமில்லை.

மாலையில் தகட்டுக்குப் பதம் ஏற்றிக் கடினமாக்கும் வேலை. துளையும் வரியும் முடிந்திருக்க வேண்டும். வரி போட முக்கோண அரம், ஒன்றரை மில்லிக்கு ஒன்று, குறுக்கும் மறுக்கும். பித்தளை, அலுமினிய வேலை அதிகம் செய்கிறவர் வரியே போடாமல் விடுவது நல்லது. காந்தம் ஒட்டாத சூட்டைத் தாண்டி இரண்டு நிமிடம் வைத்து, 50 பாகைக்குச் சுடவைத்த மூன்று லீட்டர் எண்ணெயில் நெட்டுக்குத்தாக, ஒரே நேர்கோட்டில் இறக்குங்கள். படுக்கையாகப் போட்டால் கோணும். பதம் ஏறிய தகட்டை நிமிர்த்த முடியாது, தட்டினால் உடையும். எண்ணெய் தீப்பிடிக்கும், தகர மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பிறகு ஒரு முகத்தை உரைத்து வெளுப்பாக்கி, மணல் தட்டில் வைத்து மெதுவாகச் சூடாக்குங்கள். வெளிர் வைக்கோல் நிறம் வந்து, கரும் வைக்கோல் வந்து, பழுப்புத் தொடங்கும் இடம் ஏறக்குறைய 250 பாகை. அங்கே எடுத்துவிடுங்கள். வெளிர் வைக்கோலில் நிறுத்தினால் ஓரம் சிம்பு சிம்பாகத் தெறிக்கும்.

நாள் 6, ஞாயிறு. புறக்கோட்டை நடைபாதை, பிறகு பூட்டுதல்

ஞாயிறு காலை நடைபாதையில் பழைய கருவி பரப்புகிறவர்களிடம் முழு வைஸ் சில சமயம் வரும். சாமான் கழற்றுவதற்கென்று வாங்கும் வைஸில் பார்க்க வேண்டியது குறைவு: தகடு இருக்கிறதா, ஸ்பிண்டில் நேரா, நட்டு எப்படி. புதுப் பெயின்ட் தடிப்பாக அடித்திருந்தால் சின்னக் காந்தம் ஒன்றால் கழுத்தையும் தாடையின் வேரையும் தடவிப் பாருங்கள். பிடி திடீரென்று தளர்ந்தால் அடியில் புட்டி, புட்டிக்குள் பழைய வெடிப்பு. அப்படிப்பட்டதைச் சாமானுக்கு வாங்கலாம், வேலைக்கு வாங்கக் கூடாது.

பூட்டும்போது 3ஆம் நம்பரில் கவனிக்க இரண்டு இடம். ஸ்பிண்டிலின் உள்பக்கக் கொலருக்கும் (வளையத்துக்கும்) தாடைக்கும் நடுவில் ஆட்டம் அரை மில்லி. கூடினால் ஹேண்டில் கால் சுற்று வெறுமனே சுற்றும். பெயரிங் கடையில் கிடைக்கும் கடினமான திரஸ்ட் வாஷர் ஒன்றை, ஸ்பிண்டில் விட்டத்துக்குப் பார்த்து, தலைக்கும் தாடைக்கும் நடுவில் கிறீஸோடு போட்டால் இறுக்கும்போது உராய்வு நன்றாகக் குறையும். அடுத்தது தகடு. ஆணியை இறுக்குவதற்கு முன் இரு தகட்டையும் படியில் உட்காரவைத்து, நடுவில் கடதாசித் துண்டு மூன்று வைத்து வாயை மெல்ல மூடுங்கள். மூன்றையும் ஒரே பிடியில் பிடிக்க வேண்டும். நடுத்துண்டு மட்டும் உருவினால் தகடு கோணியிருக்கிறது. அப்படியானால் பின்முகத்தில் நீலம் (உயர்ந்த இடத்தைக் காட்டும் மை) தடவி, உரைக்கும் கல்லில் உயரத்தை இறக்க வேண்டும். வாய் மூடிய நிலையிலேயே நாலு ஆணியையும் இறுக்குங்கள்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உரைப்பதென்றால் தண்ணீர் விட்டு உரைத்து, ஊத்தையைக் கடதாசியில் வழித்துக் கட்டி எறியுங்கள்.

ஒரு கிழமை பாவித்தபின் தகட்டு ஆணி நாலையும் மறுபடி ஒரு முறை இறுக்க வேண்டும். புதுத் தகடு படியில் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஆணி கால் சுற்றாவது வரும்.